நடுப்பகலை மூடியவள்

தருவைமுனைக்காரர்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள், காணாமல்போன படகு ஒன்பதாம் நாளே கிடைத்துவிட்டது, ஆனால் கரையில் அல்ல, கண்ணாடிக்குள் என்று. சொல்லிவிட்டு, இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்பதுபோல வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிடுவார்கள்.

சங்கு குளிக்கப் போன ‘மிக்கேல் சம்மனசு’ படகு அது, சம்மனசு என்றால் அங்கே வானதூதர். படகுக்காரர் லெயோன், அவர் மச்சினன் தொபியாஸ், பர்னபாஸ், மீசை இன்னும் சரியாக முளைக்காத இஞ்ஞாசி, கஸ்பார் என்று ஐந்து பேர், ஐந்து பேரும் முறைவைத்து முங்குகிறவர்கள். வைகாசியில் ஒரு காலை போனார்கள், மத்தியானம் ஒரு சூறை வந்து போனது, சாயங்காலம் படகு வரவில்லை. எட்டு நாள் ஊர்ப் படகுகள் அத்தனையும் கடலைச் சல்லடை போட்டுத் தேடின. ஒன்பதாம் நாள் கஸ்பாரின் மனைவி எஸ்கலின் கொடிமேடையில் ஏறி, எல்லாரும் கைவிட்ட பிறகும் தான் மட்டும் கைவிடாத ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருந்தாள். அதாவது அங்கிருந்த தூரக்கண்ணாடியைத் தொடுவானம் நெடுக விரல்விரலாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

கொடிமேடையில் புயல் கொடி ஏற்றுவதும் இறக்குவதும்தான் அவள் வேலை. தூரக்கண்ணாடி அங்கே வந்ததுக்கு வேறு கதை. நாலு வருஷத்துக்கு முன்னால் சூரியன் மோதிரமாய்த் தெரிந்த கிரகணத்தைப் பார்க்க வந்த ஒரு குழு அதை இங்கே கொண்டுவந்து நட்டது. பார்த்து முடித்ததும், தூக்கிக்கொண்டு போகச் சோம்பல்பட்டோ என்னவோ, ஊருக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனது. குடம் நுழைகிற வாய் அதற்கு. அதில் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும், தண்ணீர் மேலே, வானம் கீழே, ஆட்கள் காலால் தொங்குவார்கள். அப்படித் தலைகீழாக, தென்கிழக்கே கடல் முடிகிற இடத்தில், ‘மிக்கேல் சம்மனசு’ நின்றுகொண்டிருந்தது. அவள் கண்ணை எடுத்து வெறுங்கண்ணால் பார்த்தாள், வெறும் கடல். திரும்பக் கண்ணாடியில் பார்த்தாள், படகு.

உடனே ஏழு படகு கிளம்பிப் போய் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. கண்ணாடியில் பார்த்தால் அந்த ஏழும் ‘மிக்கேல் சம்மனசு’க்கு ஊடாகவே புகுந்து போய்வந்தன, உள்ளே இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனவர்கள் வந்து அங்கே தண்ணீர் தவிர ஒன்றுமில்லை என்றார்கள். சரி, அங்கே இல்லை, கண்ணாடியில் இருக்கிறது, அவ்வளவுதானே என்று ஊர் அதற்கேற்ற மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கியது. கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் சவரிமுத்து, சம்மனசு படங்களின் பின்பக்கத்தில் எண் எழுதி டோக்கன் கொடுத்தார். தலைகீழாய்ப் பார்த்துத் தலைசுற்றியவர்களுக்கு மேடைக்குக் கீழே ஒருவன் எலுமிச்சை சர்பத் விற்றான். மூன்றே நாளில் ஊர்க்கண்கள் பழகிவிட்டன, பிறகு யாருக்கும் எதுவும் தலைகீழாகத் தெரியவில்லை. பெண்கள் நல்ல சேலை கட்டி வந்தார்கள். பார்ப்பது தாங்கள்தான், படகிலிருந்து தங்களைப் பார்க்கமுடியாது என்று தெரிந்தும் கட்டிவந்தார்கள். பர்னபாஸின் மகள் பள்ளிக்கூட மார்க்கைக் கண்ணாடி வாயருகே நின்று சத்தமாக வாசித்தாள். ஐந்து வீட்டிலும் மத்தியானம் ஆம்பளைக்கும் சேர்த்தே உலை வைத்தார்கள்.

ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருந்தது. படகில் நாலு பேர்தான் இருந்தார்கள். ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான், கயிறு விறைப்பாகக் கடலுக்குள் போனது. அப்படியென்றால் ஐந்தாவது ஆள் கீழே இருக்கிறான், சங்குக்கு முங்கியிருக்கிறான், இதைப் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். கீழே இருப்பது யார் என்பதுதான் தெரியவில்லை. வெயிலில் காய்ந்த காற்று கண்ணாடிக்கும் படகுக்கும் நடுவில் கொதித்துக்கொண்டே இருந்ததால், முகங்கள் எல்லாம் அடுப்புப் புகைக்கு அந்தப்பக்கம் நிற்பவர்கள் மாதிரி நெளிந்து நெளிந்து, ஒரு நேரம் லெயோனாகவும் மறுநேரம் கஸ்பாராகவும் மாறிக்கொண்டிருந்தன. ஆகவே ஐந்து வீடும் தங்கள் ஆள் அந்த நால்வரில் ஒருவன் என்றே நம்பின. ஐந்து வீடு, நாலு ஆள், கணக்கு இடித்தது, ஆனாலும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை, அந்த அளவுக்கு ஊருக்கு ஈரம் இருந்தது.

இன்னொன்றையும் கவனித்திருந்தார்கள். கரையில் காலையானாலும் மாலையானாலும் படகில் மட்டும் நடுப்பகல். பாய்மரத்துக்கு நிழலே இல்லை. கயிற்றைப் பிடித்தவன் பிடித்தபடி இருந்தான். நமக்குத்தான் இத்தனை நாள், அவர்களுக்கு இன்னும் அதே ஒரு மத்தியானம்தான், கீழே போனவன் போய் ஒரு மூச்சுகூட ஆகியிருக்காது என்று தொபியாஸின் மனைவி ஒருநாள் சொன்னாள். அந்தச் சொல்லை ஐந்து வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

பிரச்சினை முப்பதாம் நாள் பூசையால் வந்தது. கடலில் போனவர்களுக்கு முப்பதாம் நாள் இறந்தோர் பூசை வைப்பது ஊர் வழக்கம். பங்குச் சாமியார் பலிபீடத்தில் நின்று, கண்ணுக்குத் தெரிகிறவர்களுக்கு நான் எப்படி இறந்தோர் பூசை வைப்பேன், தெரியாதவன் பெயரைச் சொல்லுங்கள் அவனுக்கு வைக்கிறேன், முப்பதாம் நாள் காலைக்குள் சொல்லுங்கள் என்றார். 

அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளும் வழி எஸ்கலினிடம் மட்டும் இருந்தது. தூரக்கண்ணாடியின் வாய்க்கு ஒரு பெரிய மூடி உண்டு, அந்த மூடியில் ஓரமாக ஒரு குட்டி மூடி உண்டு, அதைக் கழற்றினால் மாதுளம்பழம் நுழைகிற அளவுக்கு ஓட்டை. கிரகணக் குழுவில் ஒருவர் அதைக் காட்டிச் சொல்லியிருந்தார்: பெரிய வாய் நிறைய வெளிச்சத்தைக் குடிக்கும், கூடவே காற்றின் நடுக்கத்தையும் குடித்துவிடும், வெயில் கொதிக்கிற நேரத்தில் வாயைச் சின்னதாக்கிப் பாருங்கம்மா, படம் மங்கும், ஆனால் ஆடாமல் நிற்கும். பதினெட்டு நாளாக அந்த மூடியை அவள் கொடிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். மங்கலாக இல்லாமல் ஆடிக்கொண்டே இருக்கட்டும், ஆடுகிறவரை கஸ்பார் நாலில் ஒருவர். இதுதான் அவள் நினைப்பு. பயம்தான், வேறொன்றுமில்லை.

இருபத்தேழாம் நாள் கூட்டம் சாப்பிடப் போன நேரத்தில் அவள் மூடியை எடுத்து மாட்டி, குட்டி மூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை வைத்தாள்.

நெளிவு நின்றது. கொதிக்கிற உலையை இறக்கி வைத்த மாதிரி எல்லாம் அடங்கி, லேசாக இருட்டி, படகு அசையாமல் நின்றது. கயிற்றைப் பிடித்திருந்தவர் லெயோன். கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் தொபியாஸ். குப்புறக் கிடந்தவன் பர்னபாஸ், அந்த முதுகுத் தழும்பு ஊருக்கே தெரியும். சங்குகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தது இஞ்ஞாசி. அவள் இன்னொரு முறை பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள், நாலு முகமும் நாலு முகமாகவே இருந்தன, கஸ்பார் இல்லை.

அப்போதுதான் அது நடந்தது. லெயோன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். இஞ்ஞாசி கூடையை இழுத்து மூடினான். தொபியாஸ் நங்கூரக் கயிற்றை நோக்கி நகர்ந்தான். அவர்களுக்கு அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எஸ்கலின் பதறி மூடியைப் பிடுங்கினாள், வெளிச்சம் குபீரென்று பாய, நால்வரும் நெளிகிற நிழல்களாகி, பழைய மத்தியானத்துக்குள் உட்கார்ந்தார்கள்.

அவள் கீழே இறங்கி யாரிடமும் எதுவும் சொல்லாமல், வழக்கம்போல இரண்டு பேருக்குச் சோறு பொங்கினாள்.

மறுநாள் உபதேசியார் நல்லெண்ணத்தில் ஒரு யோசனை கொண்டுவந்தார். மேடையில் பெண்கள் அடிக்கடி மயங்கி விழுகிறார்கள், அது அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான், கயிறு படகின் வலப்பக்கம் இருக்கிறது, ஆகவே கண்ணாடியின் வாயில் வலப்பாதியைக் கறுப்புத் துணியால் கட்டிவிட்டால் ஆட்கள் மட்டும் தெரிவார்கள், கயிறு மறைந்துவிடும். ஊரே ஆமோதித்தது. கட்டினார்கள். முதலில் பார்த்தது இஞ்ஞாசியின் அம்மா பெர்னத்தம்மாள், மீன் ஏலம் விடுகிறவள், அவள் குரலுக்குக் கடலே ஒரு அடி பின்வாங்கும் என்று சொல்வார்கள்.

“என்னவே உபதேசியாரே, கயிறு அப்படியேதான கெடக்கு?”

“அப்ப இடப்பாதியில கட்டிப் பாப்போம் மதினி.”

இடப்பாதியில் கட்டினார்கள். படகு முழுசாக, கயிறு முழுசாக, ஆட்கள் முழுசாக. பாதி வாயை மூடினால் பாதிப் படகு மறைய வேண்டியதுதானே, ஜன்னலில் பாதிக் கதவைச் சாத்தினால் பாதித் தெருதானே தெரியும் என்று உபதேசியார் புலம்பினார். பாதி வாயை மூடினாலும் மீதி வாய் முழுப் படகையும் பார்க்கிறது, கொஞ்சம் இருட்டாகப் பார்க்கிறது, அவ்வளவுதான் என்று எஸ்கலினுக்குப் புரிந்தது. கண்ணாடிக்கு வேண்டாததை மட்டும் மறைக்கத் தெரியாது. 

பெர்னத்தம்மாள் இன்னும் கண்ணை எடுக்கவில்லை. திடீரென்று அலறினாள்: “ஏ, அண்ணாந்து பாக்காவோ! நாலு பேரும் வானத்தப் பாக்காவோ! பொழுது சாயுதுன்னு நெனைக்காவோ! யாரோ நங்கூரத்துல கை வைக்கான்!”

துணியை அவிழ்த்தார்கள், மத்தியானம் வந்தது. கட்டினார்கள், பொழுது சாய்ந்தது. மூன்று தரம் செய்து பார்த்ததில் ஊருக்கு வழி தெரிந்துவிட்டது. சாயங்காலமானால் சங்குப் படகு கரைக்குத் திரும்பும். கண்ணாடியை மூடினால் போதும், படகு வீட்டுக்கு வரும்.

யாரும் மூடச் சொல்லவில்லை. ஐந்து வீட்டில் ஒரு வீடும் சொல்லவில்லை. நடுப்பகல் நிற்கிறவரை கீழே இருப்பவனுக்கு ஒரே மூச்சு, பொழுது நகர ஆரம்பித்தால் அந்த மூச்சும் நகர ஆரம்பித்துவிடும், அவன் ஏறுவானோ மாட்டானோ, அவன் தங்கள் வீட்டு ஆளாக இருந்துவிட்டால்? பெர்னத்தம்மாள் முதல்முறையாகத் தணிந்த குரலில், “இருக்கட்டும், இப்பம் மூடவேணாம்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

எஸ்கலினுக்கு மட்டும் தெரிந்திருந்தது, இஞ்ஞாசி மேலேதான் இருக்கிறான் என்று. ஒரு சொல் சொன்னால் நாலு வீடு பயமில்லாமல் மூடச் சொல்லும். அவள் சொல்லாதவரை நாலு ஆண்பிள்ளைகள் அந்த மத்தியானத்தில் பூட்டிக் கிடப்பார்கள், கஸ்பார் கீழே ஒரு மூச்சுக்குள் உயிரோடிருப்பார். பூட்டு அவள் வாயில் இருந்தது. இதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது, வந்தும் வாயைத் திறக்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம், இன்னொரு முறை குட்டி ஓட்டை வழியாகப் பார்த்தாள். சும்மா ஒரு நொடிதான், அவர்கள் நங்கூரத்தைத் தொடுவதற்குள் எடுத்துவிடவேண்டும் என்று. அந்த ஒரு நொடியில் லெயோனின் கைகளைப் பார்த்தாள். கயிறு உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தது. மற்றவர்களுக்கு ஒரு மத்தியானம்தான், ஆனால் அந்தக் கைகளுக்கு மட்டும் இருபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ரத்தம் காய்ந்து கறுத்து, அதன்மேல் புது ரத்தம் வந்து, கயிறும் சதையும் எது எது என்று தெரியவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை, முங்கினவன் ஏறாமல் கயிற்றை விடுகிறவன் தருவைமுனையில் பிறக்கவில்லை. யாருடைய கயிறு அது? கஸ்பாருடையது. யார் பிடித்திருக்கவைத்தது? அவள்தான்.

மேடைப் படியில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதுதான் கஸ்பார் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னது நினைவு வந்தது. நீங்க பாட்டுக்குக் கீழேயே கெடந்துட்டா நான் என்ன செய்ய என்று அவள் கேட்டதற்கு அவர் சிரித்து, “ஏளா, கீழ வெளிச்சம் இருந்தாத்தான் சங்கு தெரியும். வெளிச்சம் போயிட்டா சங்கும் மண்ணும் ஒண்ணுதான், கயித்த ரெட்டை இழுப்பு இழுத்துட்டு மேல வந்துருவேன். எனக்கென்ன அங்க மாமியார் வீடா?” என்றார். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகவேண்டும், சட்டென்று போனால் மேகம் என்று நினைத்துக் காத்துக்கிடப்பார். சாயங்காலம் வருகிற மாதிரி வரவேண்டும்.

முப்பதாம் நாள் காலை கோயில் நிறைந்திருந்தது. சாமியார் இறந்தோர் பூசைக்கான கறுப்பு உடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், போடவில்லை. எஸ்கலின் நடுவழியாக நடந்துபோய்ப் பலிபீடப் படிக்குக் கீழே நின்று ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

“கீழ இருக்கது எங்க வீட்டு ஆளு. நான் மூணு நாளா பாத்துட்டு சொல்லாம இருந்துட்டேன். லெயோன் மாமாவும் தொபியாஸ் அண்ணனும் பர்னபாஸும் ஒங்க இஞ்ஞாசியும் மேல நல்லாருக்காவோ மாமி.” கடைசிச் சொல் பெர்னத்தம்மாளுக்கு.

 நாலு வீடும் சேர்ந்து பாயும், உடனே மூடு என்று கத்தும் என்று அவள் எதிர்பார்த்தாள், ஏசினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்திருந்தாள். பெர்னத்தம்மாள் எழுந்து வந்தாள். அவள் முகத்தில் மகன் உயிரோடிருக்கிற சந்தோஷம் அப்பட்டமாகத் தெரிந்தது, அதை மறைக்க அவள் படாதபாடு பட்டாள்.

“அப்பம் நீதாம்ளா சொல்லணும். நாங்க யாரும் மூடுன்னு சொல்லமாட்டோம். நீ இப்படியே இருக்கட்டும்னு சொன்னாலும் சரி, நான் தெனம் வந்து எம்புள்ளய அந்தக் கண்ணாடியிலயே பாத்துக்கிடுதேன்.”

“மூடணும் மாமி,” என்றாள் எஸ்கலின். “ஆனா மெதுவா மூடணும். வட்ட வட்டமா ஓட்டை வேணும், ஒண்ணுக்கொண்ணு சின்னதா.”

வட்டத்துக்கு ஊர் எங்கே போகும்? சாமியார்தான் கறுப்பு உடையை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய், நற்கருணை அப்பம் வெட்டுகிற அச்சுகளைக் கொண்டுவந்தார். பூசையில் அவர் உயர்த்துகிற அப்பத்துக்குப் பெரியது, சனங்களுக்குச் சின்னது. திருமண அழைப்பிதழ் அட்டைகளில் இரண்டு அச்சையும் வைத்து அழுத்தினார்கள். சின்னதுக்கும் சின்னதாக ஒருத்தி மூக்குத்தியைக் கழற்றி அதன் தண்டால் துளைத்தாள். கடைசி அட்டைக்குத் துணி தைக்கிற ஊசி.

கொடிமேடையில் எஸ்கலின் மட்டும் நின்றாள், ஊர் கீழே நின்றது. முதலில் பெரிய மூடி, குட்டி ஓட்டை. படகு அடங்கி நின்றது, முகங்கள் தெரிந்தன, லெயோன் அண்ணாந்து பார்த்தார். பிறகு அந்த ஓட்டைமேல் பெரிய அச்சில் வெட்டிய அட்டை. இருட்டு கூடியது, தொபியாஸ் நங்கூரத்தருகில் போனான், ஆனால் தூக்கவில்லை, எல்லாரும் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சின்ன அச்சு. இப்போது படகின் ஓரங்கள் கரைய ஆரம்பித்தன, வாய் சின்னதாகச் சின்னதாகத் தெளிவு கூடும் என்று அவள் நினைத்திருந்தாள், அப்படியில்லை, ஓர் அளவுக்குக் கீழே போனால் தெளிவும் போய்விடுகிறது. இஞ்ஞாசி விளக்கைக் கொளுத்தினான், அதுமட்டும் ஒரு பொட்டாகத் தெரிந்தது. மூக்குத்தி ஓட்டையில் லெயோன் ஒரு நிழல், கயிறு ஒரு முடி. அந்த முடி இரண்டு தரம் அசைந்ததா, அல்லது அவள் கண்தான் நடுங்கியதா என்று சொல்ல முடியவில்லை. இன்னும் ஒரு நொடி மூடியைத் திறந்து பார்த்துவிடலாம், வெளிச்சத்தில் தெரிந்துவிடும். திறந்தால் கீழே வெளிச்சம் வரும், ஏற ஆரம்பித்தவர் திரும்ப இறங்கிவிடுவார். கை தானாக மூடிக்குப் போனது. அவள் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்து இழுத்தாள்.

ஊசி ஓட்டையில் ஒன்றும் தெரியவில்லை. அவள் குட்டி மூடியை அழுத்தி மூடினாள்.

எல்லாரும் கடற்கரைக்குப் போனார்கள். உச்சிவெயில் மணலைச் சுட்டது. ஆள் கீழே இருக்கையில் சங்குப் படகு நங்கூரம் தூக்காது, ஆகவே படகு வந்தால் அவர் மேலே ஏறிவிட்டார் என்று அர்த்தம். எப்படி ஏறினார், தானாக ஏறினாரா, இழுத்துப் போட்டார்களா, அது வந்தால்தான் தெரியும். ஒரு மணி நேரம் போனது, இன்னொரு மணி நேரம் போனது. ஊரில் யாரும் ஜெபமாலைகூட உருட்டவில்லை. எஸ்கலின் முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

படகு வந்தது. கொளுத்துகிற வெயிலில், தன்னைச் சுற்றி மட்டும் ஒரு பாய் அகலத்துக்குச் சாயங்காலத்தைச் சுமந்துகொண்டு, முனையில் அரிக்கேன் விளக்கு எரிய, கடலுக்கு நடுவிலிருந்து புறப்பட்ட மாதிரி இல்லாமல் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற மாதிரி வந்தது. படகில் தெரிந்த தலைகளை ஊர் எண்ணியது. நாலு. கரையைத் தொட்டதும் அந்தச் சாயங்காலம் மணலில் ஊற்றிய தண்ணீராக வடிந்து காணாமல்போனது, நால்வரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதற்கு இத்தனை கூட்டம் என்று முழித்தார்கள். பெர்னத்தம்மாள் இஞ்ஞாசியைக் கட்டிப்பிடித்து, உடனே விட்டுவிட்டு, எஸ்கலினைப் பார்த்தாள். லெயோன் இறங்கவில்லை. விரல்கள் மடங்காமல் விரிந்தபடியே நின்ற இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, படகின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஈரப் பாய்த்துணியால் போர்த்தி ஓர் ஆள் நீளத்துக்கு ஒன்று கிடந்தது.

எஸ்கலின் படகின் விளிம்பைப் பிடித்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, இதைச் செய்தது நான் என்பது மட்டும் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. கை நீட்டிப் பாய்த்துணியை விலக்கினாள்.

கஸ்பார் ஒரு கண்ணைத் திறந்து, வெயில் கூச, மறுபடி மூடிக்கொண்டார். உதடு நீலம் பாரித்திருந்தது, நெஞ்சு துருத்தியாக ஏறி இறங்கியது.

“யாருளா அது, பட்டப்பகல்ல வெளக்க அணைச்சது?” என்றார் மூச்சுக்கு நடுவில், உண்மையான கோபத்தோடு. “வலம்புரிளா. கையெட்டுற தூரம். இன்னும் ஒரு முழம் போயிருந்தா எடுத்திருப்பேன். எந்தச் சண்டாளன் அணைச்சானோ.”

“நான்தான்,” என்றாள் எஸ்கலின். பிறகு, ஊர் முழுக்கக் கேட்கும்படி, முப்பது நாள் கோபமும் சேர்ந்து வர, “நான்தான் அணைச்சேன். எந்திரிச்சு வாங்க, சோறு ஆறுது,” என்றாள்.